மலையக வீதிக்குக் குறுக்குவெட்டு டெம்பிளேட் கட்டும் முறை

கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியைக் கவனித்துப் பாருங்கள். மலை இடப்பக்கம் இருக்கும். ஒரு முடக்குத் திரும்பினால் வலப்பக்கம் வந்துவிடும். இடையில் ஒரு ஓடை, ஒரு மதகு, பிறகு இருபக்கமும் வெட்டு, பிறகு ஒரு பக்கம் வெட்டும் மறுபக்கம் பள்ளமும். வீதி வடிவமைப்பு மென்பொருளில் இந்த மாற்றம் ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு டெம்பிளேட் (மாதிரிக் குறுக்குவெட்டு) செய்யப் போனால் ஐந்து கிலோமீற்றருக்கு நாற்பது சேர்ந்துவிடும். அதன்பிறகு ஏபிசி (அஸ்பால்ட்டின் அடியிலுள்ள கல் அடுக்கு) தடிப்பை 200 மில்லிமீற்றரிலிருந்து 225 ஆக்கச் சொன்னால் நாற்பதையும் திருத்த வேண்டும். இரண்டை மறந்தாலும் பி.ஓ.கியூ. (அளவுப் பட்டியல்) பிழைதான், அதுவும் எளிதில் கண்ணில் படாத பிழை.

வேண்டியது தரையைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும் ஒரு டெம்பிளேட். தரை உயர்ந்திருந்தால் கானும் (வடிகால்) வெட்டுச்சரிவும், தாழ்ந்திருந்தால் நிரப்புச்சரிவும், நிரப்பு தரையை எட்டாத இடத்தில் தடுப்புச்சுவரும் அதுவே போட வேண்டும். கீழே உள்ள முறை பென்ட்லியின் ஓப்பன்ரோட்ஸ் டிசைனரை வைத்துச் சொல்லப்படுகிறது. சிவில் த்ரீடி மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு மாறும் இடங்கள் பின்னால் வருகின்றன.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளும் வீதி இது: 3.0 மீற்றரில் இரண்டு ஓடுபாதை, குறுக்குச்சாய்வு 2.5 சதவீதம், இருபக்கமும் 1.0 மீற்றர் சோல்டர் (வீதித் தோள்), சாய்வு 4 சதவீதம். அஸ்பால்ட் 50, ஏபிசி 200, அதன் அடியில் சப்பேஸ் 200 மில்லிமீற்றர். முறையை விளக்கத்தான் இந்த எண்கள். உங்கள் வேலைக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையோ மாகாண சபையின் வீதிப் பிரிவோ தந்த எண்களைப் போடுங்கள்.

முதலில் தரை

தரை மாதிரி பிழைத்தால் டெம்பிளேட் எடுக்கும் முடிவும் பிழைக்கும். ஆகவே டெம்பிளேட் சாளரத்தைத் திறக்குமுன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

ஒன்று, ஆள்கூறு. பழைய அளவைகள் கண்டவளை முறையிலும் புதியவை எஸ்எல்டி99 முறையிலும் வரும். இரண்டுக்கும் தொடக்கம் பிதுருதலாகலைதான். ஆனால் அந்தத் தொடக்கத்துக்குப் பழைய முறை 200000, 200000 என்று மதிப்புக் கொடுக்கிறது, புதியது 500000, 500000 என்று கொடுக்கிறது. ஆகவே நுவரெலியாவைச் சுற்றிய அளவையில் எண்கள் இரண்டு இலட்சத்தை ஒட்டி இருந்தால் பழையது, ஐந்து இலட்சத்தை ஒட்டி இருந்தால் புதியது. 300000ஐக் கூட்டிச் சமாளிக்க வேண்டாம், நில அளவையாளரிடமே மாற்றித் தரக் கேளுங்கள்.

மற்றது தேயிலை. ட்ரோன் படத்திலிருந்து எடுத்த தரையில் பல இடங்களில் நீங்கள் காண்பது மண்ணை அல்ல, கொழுந்து பறிக்கும் மட்டத்தை. செடி 0.7 மீற்றர் உயரம், வெட்டுக்குள் வரும் தேயிலை 10 மீற்றர் அகலம் என்று வைத்தால், ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் 7 சதுர மீற்றர் பொய்யான வெட்டுச் சேரும். 100 மீற்றருக்கு அது 700 கனமீற்றர். மலைக்குச் சென்று ஒவ்வொரு மலைச்சரிவிலும் சில புள்ளிகளையாவது ஸ்டாஃப் என்ற அளவைக்கோல் வைத்து மண்ணில் எடுத்து ஒப்பிடாமல் அந்தத் தரையை நம்பக்கூடாது. நிரைகளுக்கு நடுவே கான் வெட்டியிருக்கும் இடங்களில் மண் தெரியும். அங்கே எடுப்பது சுலபம்.

பெயர் வைப்பது

டெம்பிளேட் நூலகம் ஐடிஎல் என்ற வகைக் கோப்பில் சேமிக்கப்படுகிறது. அலுவலகத்தின் பொது நூலகத்தில் நேரடியாகக் கை வைக்காமல், வேலைக்கென்று ஒரு பிரதி எடுத்து, அதற்குள் ஒரு ஃபோல்டர் திறந்து, புதிய டெம்பிளேட்டைத் தொடங்குங்கள்.

இனி மிக முக்கியமான விதி. கொரிடோர், அதாவது டெம்பிளேட்டை நடுக்கோடு நெடுக வைத்துக் கிடைக்கும் வீதி மாதிரி, ஒரு குறுக்குவெட்டிலுள்ள புள்ளியை அடுத்த குறுக்குவெட்டில் அதே பெயருள்ள புள்ளியோடுதான் இணைக்கும். ஆகவே புள்ளிகளுக்கு மலைப்பக்கம், பள்ளப்பக்கம் என்று பெயர் வைக்காதீர்கள். மலை பக்கம் மாறிய இடத்தில் ஒரு கோடு வீதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். செயினேஜ் (தொடக்கத்திலிருந்து வீதி நெடுக உள்ள தூரம்) கூடும் திசையைப் பார்த்து நின்று இடது, வலது என்று மட்டும் பெயரிடுங்கள். டைனமிக் செட்டிங்ஸில் முன்னொட்டு வைக்க வழி இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு வரைந்தால் இடது வலது எழுத்துகளை மென்பொருளே போட்டுக்கொள்ளும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் கொம்பொனன்ட்டுக்கும் (டெம்பிளேட்டின் ஒரு பாகம்) ஃபீச்சர் டெஃபினிஷனையும், அதாவது அது என்னவென்று சொல்லும் அடையாளத்தையும், அப்போதே கொடுத்துவிடுங்கள். பிறகு கொடுக்கலாம் என்று விட்டால், அளவு எடுக்கும் நாளில் ஏபிசியும் சப்பேஸும் ஒரே பெயரில் கலந்து நிற்கும்.

நடுப்பகுதி

இது சுலபம். வலது ஓடுபாதைக்கு சிம்பிள் வகைக் கொம்பொனன்ட் ஒன்றை எடுத்து, அகலம் 3.0, சாய்வு கழித்தல் 2.5 சதவீதம், தடிப்பு 0.05 கொடுத்து தொடக்கப்புள்ளியில் வையுங்கள். மிரர் கட்டளையால் இடப்பக்கத்தைப் பெறுங்கள். அதன் அடியில் ஏபிசி, அதன் அடியில் சப்பேஸ், வெளியே சோல்டர்.

கவனம் வேண்டியது கட்டுப்பாடுகளில், அதாவது ஒரு புள்ளி மற்றொரு புள்ளியிலிருந்து எங்கே நிற்கும் என்று கட்டும் விதிகளில். ஒரு புள்ளிக்கு இரண்டு கட்டுப்பாடுகள் வரை கொடுக்கலாம். திரையில் புள்ளி பச்சையாக இருந்தால் கட்டுப்பாடு இல்லை, மஞ்சள் என்றால் ஒன்று, சிவப்பு என்றால் இரண்டும் உண்டு. நடுப்பகுதியில் எல்லாப் புள்ளியும் சிவப்பாக இருக்க வேண்டும்.

அந்தக் கட்டுப்பாடு யாரைத் தாயாகக் கொண்டது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஏபிசியின் வெளி ஓரப் புள்ளியை நடுக்கோட்டிலுள்ள ஏபிசிப் புள்ளியிலிருந்து 2.5 சதவீதச் சாய்வில் கட்டினால் நேர்வீதியில் எல்லாம் சரியாகத் தெரியும். வளைவில் மிகைஉயர்வு (வெளி ஓரத்தை உயர்த்தி வீதியைச் சாய்ப்பது) கொடுத்தவுடன் அஸ்பால்ட் ஓரம் மட்டும் தூக்கும், ஏபிசி பழைய சாய்விலேயே கிடக்கும். தடிப்பு ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் மெலிந்துவிடும். அடி அடுக்குகளின் புள்ளிகளை எப்போதும் நேர் மேலேயுள்ள புள்ளியிலிருந்து செங்குத்தாகக் கீழே இத்தனை என்று கட்டுங்கள். அந்த எண்ணுக்கு ஏபிசி தடிப்பு என்று லேபல் ஒன்றும் வையுங்கள். லேபல் இருந்தால் பரமெட்ரிக் கட்டுப்பாடு மூலம் எந்தச் செயினேஜிலிருந்து எந்தச் செயினேஜ் வரை 225 என்று கொரிடோரிலேயே மாற்றலாம். டெம்பிளேட்டைத் தொட வேண்டியதில்லை.

ஓரங்கள்: வேலையின் உயிர் இங்கே

சோல்டரின் வெளி ஓரத்திலிருந்து எண்ட் கண்டிஷன்கள், அதாவது தரையைத் தேடிப் போகும் ஓரத் துண்டுகள், கிளைக்கின்றன. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுக்க வேண்டும். மென்பொருள் சிறிய எண்ணை முதலில் முயலும். அது தரையைத் தொடாவிட்டால் அடுத்ததற்குப் போகும். வலப்பக்கத்துக்கு மூன்று கிளைகள் கட்டி, பிறகு மிரர் செய்தால் இடப்பக்கமும் தயார்.

முதல் முன்னுரிமை கானும் வெட்டும். சோல்டர் ஓரத்திலிருந்து கீழே 0.6 மீற்றர், அடி அகலம் 0.6, மறுபடி மேலே 0.6, பிறகு 0.3 மீற்றர் சமதட்டு, அதற்குப் பிறகு வெட்டுச்சரிவு. கானின் சுவர்களை முழுச் செங்குத்தாக வரையாமல் கிடையாக 0.01 மீற்றர் தள்ளுங்கள். முழுச் செங்குத்தில் முக்கோண மேற்பரப்புக் குழம்பும். கானைச் சேர்ந்த துண்டுகளில் தரையோடு வெட்டுகிறதா என்று பார்க்கும் தெரிவை எடுத்துவிட வேண்டும். இதை மறந்தால் கான் பாதியிலேயே தரையைத் தொட்டு நின்றுவிடும், வெட்டுச்சரிவே வராது. கடைசி வெட்டுத் துண்டில் மட்டும் அந்தத் தெரிவு இருக்கட்டும்.

உயரமான வெட்டை ஒரே சரிவாக விடுவதில்லை. உதாரணமாக 6 மீற்றருக்கு ஒரு தட்டு, தட்டின் அகலம் 1.5 மீற்றர் என்று எடுத்தால், வெட்டும் தட்டும் சேர்ந்த அந்தத் தொடரை மீண்டும் மீண்டும் போடும் பெஞ்சிங் எண்ணிக்கையைக் கொடுக்கலாம். சரிவின் கோணத்தைக் கணினி முன் இருப்பவர் தீர்மானிக்கக் கூடாது. அது மண் பரிசோதனையிலிருந்து வர வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி அமைப்பின் 1:10,000 அளவிலான மண்சரிவு அபாய வலய வரைபடங்களை வீதியின் நடுக்கோட்டோடு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணோடு போன பிறகு, மலையகத்தில் சரிவை மாற்றும் எந்த வேலைக்கும் இந்தக் கவனம் கட்டாயம். வெட்டின் உச்சிக்கு மேலே லயமோ, வீடோ, கோயிலோ இருந்தால் அந்தச் செயினேஜ்களைத் தனியாகக் குறித்து, வெட்டின் உச்சி எங்கே முடிகிறதென்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இரண்டாவது முன்னுரிமை நிரப்பு. ஒன்றுக்கு ஒன்றரை, அதாவது 1 மீற்றர் இறக்கத்துக்கு 1.5 மீற்றர் கிடை. இந்தக் கிளை முடிவின்றி நீளும் என்ற தெரிவை எடுத்துவிட்டு, கிடைத்தூரத்தை 6 மீற்றராக நிறுத்துங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்றரைச் சரிவு 33.7 பாகை. இயற்கைத் தரை அதைவிடச் செங்குத்தாக இருந்தால் நிரப்பு என்றைக்கும் தரையைச் சந்திக்காது. சற்றுச் சாய்வு குறைந்திருந்தாலும் ஆபத்துத்தான்: தரை 1:1.75 சரிவில் இருக்கிறது, சோல்டர் ஓரத்தில் நிரப்பு உயரம் வெறும் 1 மீற்றர் என்று வையுங்கள். நிரப்பு தரையைத் தொட 10.5 மீற்றர் வெளியே போக வேண்டும், 7 மீற்றர் கீழே இறங்க வேண்டும். திரையில் அது ஒரு மெல்லிய ஆப்பாக அழகாகத் தெரியும். மலையில் அந்த ஆப்பை யாராலும் இறுக்க முடியாது. ரோலர் நிற்க அகலமில்லை, முதல் பெருமழையில் மண் தேயிலைக்குள் வழிந்துவிடும்.

மூன்றாவது முன்னுரிமை சுவர். நிரப்பு 6 மீற்றருக்குள் தரையைத் தொடாவிட்டால் இது வரும். கருங்கல் சுவரா, கேபியனா (கல் நிரப்பிய கம்பிக்கூடை), கொங்கிரீட்டா என்பதும் அடி எவ்வளவு ஆழம் என்பதும் கட்டமைப்புக் கணக்குத் தரும் விடை. டெம்பிளேட் சுவரின் இடத்தையும் உயரத்தையும் மட்டும் காட்டும். சுவர் உயரத்துக்கும் ஒரு எல்லை வையுங்கள், உதாரணமாக 5 மீற்றர். சுவருக்குப் பின்னால் நீர் வடியும் கல் அடுக்கை ஒரு தனிக் கொம்பொனன்ட்டாகச் சேர்த்துவிடுங்கள். அளவுப் பட்டியலில் இல்லாத வடிகால் தளத்தில் வராமலே போய்விடும். நீர் தேங்கினால் சுவர் வீதியையும் இழுத்துக்கொண்டு போகும்.

நான்காவது முன்னுரிமை என்று ஒன்றை வைக்க வேண்டாம். எந்தத் தரைக்கும் ஏதோ ஒரு விடையைக் கண்டுபிடித்துத் தரும் டெம்பிளேட் ஆபத்தானது. 5 மீற்றர்ச் சுவரும் எட்டாத இடத்தில் வெறுமையாக நிற்கட்டும். அந்த வெறுமை, நடுக்கோட்டையே மலைப்பக்கம் ஒரு மீற்றர் நகர்த்த வேண்டும் என்று சொல்லும் செய்தி.

எண்ட் கண்டிஷன்கள் வெறும் கோடுகள்தான். அவற்றிலிருந்து கொங்கிரீட் கன அளவு கிடைக்காது. கானின் கொங்கிரீட்டை மூடிய கொம்பொனன்ட்டாக வரைந்து, வெட்டுக் கிளை காட்டப்படும்போது மட்டும் இதுவும் காட்டப்படும் என்று டிஸ்ப்ளே ரூல் ஒன்றைக் கட்டுங்கள். சுவருக்கும் அவ்வாறே.

கட்டிய உடனே சோதனை

டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் தரைக்கோடு ஒன்றைக் கையால் மேலும் கீழும் நகர்த்தி எந்தக் கிளை வருகிறது என்று பார்க்கலாம். சமதரையில் மட்டும் சோதித்து மூடிவிடுவதுதான் வழக்கமான தவறு. தரைச் சாய்வு கேட்கும் கட்டத்தில் 0, 30, 60, 80 சதவீதம் என்று மாற்றி, கூட்டல் கழித்தல் இரண்டிலும் பாருங்கள். 60 சதவீதத்தில் தரை ஏறக்குறைய 31 பாகை. நிரப்பு நின்று சுவர் தொடங்கும் எல்லை எப்படி நடந்துகொள்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

கொரிடோரில் போடும்போது

நேர்ப்பகுதியில் 10 மீற்றர் இடைவெளி போதும். முடக்கில் போதாது. 15 மீற்றர் ஆரையுள்ள கொண்டையூசி வளைவில் 20 மீற்றருக்கு ஒரு குறுக்குவெட்டு எடுத்தால், இரண்டு வெட்டுகளுக்கும் நடுவில் வளைவுக்கும் நேர்கோட்டுக்கும் 3.2 மீற்றர் வித்தியாசம் வரும். ஒரு ஓடுபாதையையே அது விழுங்கிவிடும். 2 மீற்றர் இடைவெளியில் அந்த வித்தியாசம் 3 சென்ரிமீற்றர். ஆகவே வளைவுகளுக்கு 2 மீற்றர் வையுங்கள். மதகு, சுவரின் தொடக்கம், முடிவு ஆகிய இடங்களில் கீ ஸ்டேஷன் (கூடுதல் குறுக்குவெட்டு) சேருங்கள்.

அதே வளைவில் இன்னொரு சிக்கல் உண்டு. உட்பக்கக் குறுக்குவெட்டு நடுக்கோட்டிலிருந்து 15 மீற்றரைத் தாண்டி நீண்டால், அடுத்தடுத்த வெட்டுகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு வண்ணத்துப்பூச்சி போலச் சுருண்டுகொள்ளும். ஒரே மண் இரண்டு தடவை கணக்கில் ஏறும். உட்பக்க எண்ட் கண்டிஷனை அந்தச் செயினேஜ்களில் நிறுத்திவிட்டு, அந்த உள்முக மண்ணைத் தனி மேற்பரப்பாகச் செய்து ஒட்டுவதே நம்பகமான வழி.

வளைவு அகலிப்புக்குப் பொயின்ட் கண்ட்ரோல் பயன்படுத்துங்கள்: ஓடுபாதை ஓரத்தை ஒரு கோடாக வரைந்து, ஓரப் புள்ளியை அதைப் பின்தொடரச் செய்யலாம். மிகைஉயர்வும் கொரிடோருக்கு ஒதுக்கப்பட்டதும் அதே ஓரப் புள்ளிகளைத்தான் பிடிக்கும், டெம்பிளேட்டிலுள்ள 2.5 சதவீதத்தை அது மீறும்.

மிகைஉயர்வு கொடுத்த பிறகு தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று ஒவ்வொரு வளைவிலும் பாருங்கள். மலைமூக்கைச் சுற்றும் வளைவில் உட்பக்கம் மலை. வீதியின் நீரெல்லாம் மலையோரக் கானுக்குப் போகும், நல்லது. ஓடைக்குள் உள்வாங்கிப் போகும் வளைவில் உட்பக்கம் பள்ளம். முழு வீதியின் மழைநீரும் நிரப்பின் விளிம்பில் கொட்டும். அந்த வளைவுகளில் பள்ளப்பக்கத்துக்குக் கேர்ப் (ஓரக்கல்) வைத்து, நீரை ஒரே இடத்தில் கொங்கிரீட் சரிவுவாய்க்கால் வழியாக ஓடைக்கு இறக்க வேண்டும். தென்மேல் பருவமழையை நேராக வாங்கும் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் இதை விட்டால் நிரப்பு நிற்காது.

தரை சோல்டர் ஓரத்தை ஒட்டியே போகும் இடங்களில் கான் மின்னும்: ஒரு வெட்டில் தரை 10 சென்ரிமீற்றர் மேலே, அடுத்ததில் 5 கீழே, மறுபடி மேலே. 10 மீற்றருக்கு ஒருமுறை கான் தோன்றி மறையும். அப்படிக் கட்டினால் கானில் வரும் நீர் பாதியில் வெளியேறி நிரப்பை அரிக்கும். அதற்காக இரண்டாவது டெம்பிளேட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தரை எப்படியிருந்தாலும் கான் கட்டாயம் வரும் வடிவம். முதன்மை டெம்பிளேட்டின் பிரதியில் முன்னுரிமையை மாற்றினால் போதும். மதகு அணுகுவழிக்கு மூன்றாவது. பொதுவாக இந்த மூன்றுக்கு மேல் தேவைப்படாது.

நூலகத்தில் டெம்பிளேட்டைத் திருத்தினால் கொரிடோரில் ஏற்கனவே போட்டது தானாக மாறாது. அங்கே இருப்பது பிரதி. ஒவ்வொரு டெம்பிளேட் டிராப்பிலும் (கொரிடோரில் டெம்பிளேட் போட்ட பகுதி) நூலகத்தோடு சிங்க்ரனைஸ் கொடுக்க வேண்டும்.

சிவில் த்ரீடியில்

அங்கே டெம்பிளேட்டுக்குப் பெயர் அசெம்ப்ளி, கொம்பொனன்ட்டுக்குப் பெயர் சப்அசெம்ப்ளி. வெட்டா நிரப்பா என்ற முடிவுக்குக் கண்டிஷனல் கட் ஓர் ஃபில் என்ற சப்அசெம்ப்ளியை வைத்து, ஒவ்வொரு கிளையிலும் கான், சரிவு, சுவர் ஆகியவற்றை இணைக்கலாம். நிரப்பு உயர எல்லைகளையும் அதிலேயே கொடுக்கலாம். மிகவும் சொந்தமான வடிவம் தேவையென்றால் சப்அசெம்ப்ளி கொம்போசரில் கட்டி பிகேடி கோப்பாக இறக்குமதி செய்யுங்கள். இங்கே புள்ளிப் பெயரின் வேலையைப் பொயின்ட் கோட் செய்கிறது. இலக்குகளை, அதாவது தரை, ஓரக்கோடு ஆகியவற்றை, கொரிடோர் பகுதி ஒவ்வொன்றிலும் கொடுக்க வேண்டும். பகுதியைப் பிரித்த பிறகு இலக்குகளை மறுபடி சரிபாருங்கள். சரிவு எண்ணிலும் கவனம்: இங்கே 1.5:1 என்றால் கிடை முதலில், உயரம் பின்னால். நம் வரைபடங்களில் 1:1.5 என்று எழுதிய அதே சரிவுதான். அப்படியே தட்டினால் நிரப்பு 56 பாகையில் எழுந்து நிற்கும்.

அளவு எடுக்குமுன்

மென்பொருள் தந்த அளவை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். நேர்ப்பகுதியில் அஸ்பால்ட் 6.0 மீற்றர் அகலம், 0.05 தடிப்பு, 100 மீற்றருக்கு 30 கனமீற்றர் வர வேண்டும். 15 வந்தால் ஒரு பக்கத்துக் கொம்பொனன்ட்டுக்கு ஃபீச்சர் கொடுக்கவில்லை. 60 வந்தால் மிரர் செய்தது இரட்டிப்பாக ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிறது. பிறகு மலையோரமாக மூன்று குறுக்குவெட்டுகளை அச்செடுத்து, அந்தச் செயினேஜ்களில் போய் நின்று, வெட்டின் உச்சி எந்தத் தேயிலை நிரையில் விழுகிறது, சுவரின் அடி எங்கே இறங்குகிறது என்று நாடாவால் அளந்து பாருங்கள். சரியாக விழுந்தால் பட்டியலை அனுப்பலாம். விழாவிட்டால் தரை மாதிரிக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.